புகைக்கும் கணக்கு உண்டு

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் சரக்கு லாரித் தொழில் நடத்திவரும் அன்பர் ஒருவர், செபராங் பிறைத் தோட்டமொன்றின் மண்டபத்தில் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை.)



மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவன் நான். ஆயினும் இம்மண்டபம் எனக்குப் புதிதன்று. இதுபோன்றதொரு தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். என் தந்தையார் பால்மரம் வெட்டினார். தாயார் அவருக்குத் துணையாக மங்கு துடைத்தார். 1979-ஆம் ஆண்டில் பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி ஜார்ஜ் டவுனுக்குச் சென்று, ஒரு லாரியில் கிளீனராகச் சேர்ந்தேன். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1993-இல், பழைய லாரியொன்றைச் சொந்தமாக வாங்கினேன். அதற்கு முன்பணமாக நின்றது என் தந்தையாரின் ஊழியர் சேமநிதி. அவர் முப்பது ஆண்டுகள் விடியலில் எழுந்து சேர்த்த பணம் அது.

வாகனப் புகைச் சட்டங்களைத் தொழில் செய்வோர் எவ்வாறு கடைப்பிடிப்பது என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். “நாங்களோ பால் வெட்டுகிறவர்கள்; லாரிப் புகையோடு எங்களுக்கு என்ன தொடர்பு?” என்று நீங்கள் நினைக்கலாம். தொடர்பு உண்டு. இன்று தோட்டங்களை விட்டு வெளியேறும் நம் பிள்ளைகளில் பலர் லாரி ஓட்டுகிறார்கள். பள்ளி வேன் நடத்துகிறார்கள். பட்டறைகளில் வேலை செய்கிறார்கள். அவர்களுள் சிலர், நான் வாங்கியதைப் போலவே, பெற்றோரின் சேமநிதியைக் கொண்டு சொந்த வண்டி வாங்குகிறார்கள். அவ்வண்டி புகைக் குற்றத்திற்காக நடுவழியில் நிறுத்தப்படுமானால், நிற்பது வண்டி மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் முப்பது ஆண்டு உழைப்பும் அதனுடன் சேர்ந்தே நிற்கிறது.

சட்டம் நேற்று வந்ததன்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இல் இயற்றப்பட்டது. வாகனங்களின் புகையைக் கட்டுப்படுத்தும் விதிகள் 1977-இல் பிறந்தன. பெட்ரோலில் கலக்கும் ஈயத்திற்கு 1985-இல் வரம்பு விதிக்கப்பட்டது. 1996-ஆம் ஆண்டில் டீசல் எஞ்சின்களுக்கென்று தனி ஒழுங்கு விதிகளும், பெட்ரோல் எஞ்சின்களுக்கென்று தனி ஒழுங்கு விதிகளும் நடைமுறைக்கு வந்தன. மோட்டார் சைக்கிள்களுக்குரிய விதிகள் 2003-இல் செய்யப்பட்டன. 2024-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. ஐம்பது ஆண்டுகளாக இச்சட்டம் ஒரே திசையில்தான் நடந்து வருகிறது. அது பின்னோக்கித் திரும்பும் என்று காத்திருப்பவர் ஏமாந்துபோவார்.

டீசல் வண்டியின் புகையை எவ்வாறு அளக்கிறார்கள்? வண்டியை நிறுத்தி வைத்து, கியரைப் போடாமல், எண்ணெய் மிதியை முழுவதும் அழுத்தி விடுகிறார்கள். அவ்வேளையில் புகைபோக்கியினின்று வரும் புகை ஒரு கருவிக்குள் செல்கிறது. கருவியின் ஒரு முனையில் விளக்கு. மறுமுனையில் ஒளியை அளக்கும் கண். புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறதோ அதுவே அளவு. தூய காற்றுக்குச் சுழி. ஒளியே தெரியாத கருமைக்கு நூறு. இதனை ஹார்ட்ரிட்ஜ் அளவு என்பார்கள். நம் நாட்டில் டீசல் வண்டிகளுக்கு நெடுங்காலமாக விதிக்கப்பட்டிருக்கும் எல்லை 50. இதில் அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. கருவி காட்டும் எண்ணே பேசும்.

சரக்கு வண்டிகள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை சோதனைக்குச் செல்லவேண்டும் என்பது உங்களுள் ஓட்டுநராக இருப்போர் அறிந்ததே. அச்சோதனைப் பணி 1994 முதல் புஸ்பாகோம் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அது தவிர, சுற்றுச்சூழல் இலாகாவும் சாலைப் போக்குவரத்து இலாகாவும் சாலையோரத்திலேயே வண்டிகளை நிறுத்திச் சோதிக்கின்றன. இங்கேதான் என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது பெருமைப்படத்தக்க கதையன்று.

என் லாரி பழையது. பாலிக் புலாவ் மலைச்சாலையில் பாரத்துடன் ஏறும்போது மூச்சுத் திணறும். நண்பர் ஒருவர் ஒரு வழி சொன்னார். டீசல் பம்பில் உள்ள திருகைச் சற்றுக் கூட்டிவிட்டால் எஞ்சினுக்குள் எண்ணெய் அதிகமாகப் பாயும். வண்டி துள்ளிக்கொண்டு மலையேறும். கரும்புகை வருமே என்றேன். “சோதனைக்கு முதல் நாள் குறைத்துவிடு, மறுநாள் கூட்டிவிடு” என்றார். நான் அப்படியே செய்தேன். ஆறு மாதத்திற்கு ஒருமுறை குறைப்பேன். சான்றிதழைப் பெற்றுக்கொண்டு வெளியே வந்ததும் கூட்டுவேன். சட்டத்தை வென்றுவிட்டதாகவே எண்ணிக்கொண்டேன். உண்மையில் நான் ஏமாற்றியது என்னையே என்பது பிறகுதான் தெரிந்தது.

1997-ஆம் ஆண்டில் ஒருநாள், பட்டர்வொர்த்திலிருந்து காய்கறி மூட்டைகளுடன் வரும்போது சாலையோரத்தில் நிறுத்தப்பட்டேன். கருவியை வைத்தார்கள். எண் ஐம்பதைத் தாண்டி வெகுதூரம் சென்றது. பழுதுபார்த்து மறுசோதனையில் தேறும்வரை வண்டியைப் பயன்படுத்தக் கூடாதென்று தடை அறிக்கை கொடுத்தார்கள். என் சட்டைப்பையில் மூன்று வாரத்திற்கு முன் பெற்ற சோதனைச் சான்றிதழ் இருந்தது. அது அன்று எனக்குத் துணை வரவில்லை. சான்றிதழ் சோதனை நாளன்று இருந்த நிலைமைக்கே சாட்சி சொல்லும். சாலையில் ஓடும் வண்டிக்குச் சாட்சி அதன் புகையே.

வேறு லாரி தேடி மூட்டைகளை மாற்றுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. கீரைகள் வாடின. வண்டி நான்கு நாட்கள் பட்டறையில் நின்றது. அபராதத் தொகையைக்கூட நான் தாங்கிக்கொண்டேன், ஆனால் ஐந்தாம் நாள் சென்றபோது, நாள்தோறும் எனக்குச் சரக்குக் கொடுத்துவந்த வியாபாரி, “தம்பி, எனக்கு விடியற்காலையில் சரக்கு வந்தாகவேண்டும், வேறு ஒருவரிடம் பேசிவிட்டேன்” என்றார். அவர் மீது குறை சொல்ல முடியுமா? இளைஞர்கள் இதனைக் குறித்துக்கொள்ளவேண்டும். அபராதத்தை ஒருநாள் கட்டிவிடலாம். போன வாடிக்கையை மீட்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

அந்த நான்கு நாட்களில் பட்டறைப் பெரியவர் ஒருவர் எனக்குப் புத்தி புகட்டினார். அவரும் தோட்டத்திலிருந்து வந்தவரே. “தம்பி, பால் வெட்டும்போது உளியை ஆழமாக இறக்கினால் என்ன ஆகும்?” என்று கேட்டார். அன்றைக்குப் பால் கூடுதலாக வரும் என்றேன். “பிறகு?” என்றார். மரம் காயப்படும், பட்டை சரியாக வளராமல் முடிச்சு விழும், அந்த இடத்தில் மறுபடி வெட்ட முடியாது என்றேன். “உன் பம்புத் திருகும் அந்த உளிதான்” என்றார். அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

உங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இன்றைய பாலுக்காக நாளைய பட்டையைக் கெடுப்பவன் நல்ல வெட்டுக்காரன் ஆகமாட்டான். எஞ்சினும் அப்படியே. தேவைக்கு மேல் பாயும் டீசல் முழுதும் எரியாது. எரியாத எண்ணெயே கரியாகி, கரும்புகையாக வெளியேறுகிறது. அந்தக் கரி எஞ்சினுக்குள்ளும் படிகிறது, எஞ்சின் எண்ணெயைக் கெடுக்கிறது, உருளைகளைத் தேய்க்கிறது. ஆகவே கரும்புகை விடும் லாரிக்காரர் காசு கொடுத்து வாங்கிய எண்ணெயைப் பாதி எரித்து, மீதியை வானத்தில் விடுகிறார். சட்டம் ஒன்று இல்லாமலே போனாலும் இது நட்டக் கணக்கு.

நான் செய்த இந்தத் தந்திரம் சிறியவர்கள் மட்டும் செய்வதன்று. உலகின் மாபெரும் கார் நிறுவனங்களுள் ஒன்றான ஜெர்மனியின் வோல்க்ஸ்வேகன் இதனையே கணினியைக் கொண்டு செய்தது. வண்டி சோதனையில் இருக்கிறதா, சாலையில் ஓடுகிறதா என்று கண்டறிந்து, சோதனையின்போது மட்டும் நச்சுவாயுவைக் குறைத்துக் காட்டும் ஏற்பாட்டை அதன் டீசல் கார்களில் பொருத்தியிருந்தார்கள். 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அமெரிக்க அரசு அதனை அம்பலப்படுத்தியது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்கள் அதில் சிக்கின. அபராதமாகவும் நட்ட ஈடாகவும் அந்நிறுவனம் இழந்த தொகை 3,000 கோடி டாலருக்கும் மேல். அத்தனை பொறியாளர்களைக் கொண்ட நிறுவனத்தாலேயே மறைக்க முடியவில்லை என்றால், ஒரு திருப்புளியை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் மறைத்திருக்க முடியும்?

ஏமாற்றாமலே நட்டப்படுவதும் உண்டு. அது காலக்கெடுவை அலட்சியம் செய்வதால் வருவது. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வாகனங்களுக்குப் புதிய புகை அளவு நடைமுறைக்கு வருமென்று முன்னதாகவே அறிவிக்கப்பட்டிருந்தது. பழைய அளவில் செய்து முடித்த வண்டிகளை அதற்குப் பிறகும் விற்கலாம் என்று உற்பத்தியாளர்கள் நம்பியிருந்தார்கள். மார்ச் 29-ஆம் தேதி அந்நாட்டு உச்சநீதிமன்றம், கூடாது என்று தீர்ப்பளித்தது. அன்று விற்பனையாகாமல் கையிருப்பில் இருந்தவை ஏறத்தாழ 8 லட்சம் வண்டிகள். அவற்றுள் பெரும்பாலானவை இரு சக்கர வண்டிகள். எஞ்சிய இரண்டே நாட்களில், கிடைத்த விலைக்கு அவற்றைத் தள்ளிவிடும்படி ஆயிற்று. விதி வருவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் கடைசி நாள்வரை காத்திருந்ததே அவர்கள் செய்த பிழை.

நம் நாட்டிலும் எண்ணெயின் தரம் மாறிக்கொண்டே வருகிறது. 2009-இல் யூரோ 2 தரத்தையொட்டிய டீசல் வந்தபோது, அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 500 பங்குவரை இருக்கலாம் என்று விதி. 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாடெங்கும் யூரோ 5 டீசல் வந்தது. அதில் கந்தகம் வெறும் 10 பங்குக்கு மேற்படக் கூடாது. 2019 முதல் வாகன டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெய்க் கலவையும் சேர்ந்தது. தோட்டத்துச் செம்பனை இப்போது லாரியின் தொட்டியிலும் இருக்கிறது. அக்கலவை பழைய தொட்டியில் படிந்த அழுக்கைக் கரைத்து இழுத்து வருவதால், தொடக்கத்தில் எண்ணெய் வடிகட்டி விரைவில் அடைத்துக்கொள்ளும். இதை அறியாத சிலர் எண்ணெயைப் பழித்தார்கள். அறிந்தவர்கள் வடிகட்டியை முன்கூட்டியே மாற்றிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். விதி மாறும்போது பிழைப்பவருக்கும் தவிப்பவருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இவ்வளவுதான்.

இனி, வண்டி வைத்திருப்போரும் வாங்க எண்ணுவோரும் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, புகையின் நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கரும்புகை என்றால் எண்ணெய் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், நோசல் தேய்ந்திருக்கலாம், பாரம் அளவுக்கு மீறியிருக்கலாம். நீலப்புகை என்றால் எஞ்சின் எண்ணெய் உள்ளே கசிந்து எரிகிறது. எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நிற்கவில்லை என்றால், குளிர்நீர் உள்ளே இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். மருத்துவர் நாக்கைப் பார்ப்பதைப்போல, காலையில் வண்டியைக் கிளப்பியதும் புகைபோக்கியைப் பாருங்கள்.

இரண்டாவது, ஒரு கணக்குப் புத்தகம் வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் அப்பியாசப் புத்தகமே போதும். எங்கள் வீட்டில் என் மனைவிதான் அதை எழுதுகிறார். காற்று வடிகட்டி மாற்றிய நாள், நோசல் சோதித்த நாள், எஞ்சின் எண்ணெய் மாற்றிய நாள், அடுத்த சோதனைக்குரிய நாள், வாரந்தோறும் ஊற்றிய டீசல், ஓடிய தூரம் ஆகிய அனைத்தும் அதில் உண்டு. ஒருமுறை அவர், “இதே தூரத்திற்குச் சென்ற மாதத்தைவிட அதிக எண்ணெய் போயிருக்கிறதே” என்றார். கழற்றிப் பார்த்தால் நோசல் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. புகை கண்ணுக்குத் தெரியுமுன் கணக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. பெரட்டில் கிராணி பெயர் எழுதுவதைப்போல் நாள் தவறாமல் எழுதினால்தான் இது பயன்படும்.

மூன்றாவது, பழைய வண்டி வாங்குமுன் புகையைச் சோதியுங்கள். சாயம் புதிதாக இருப்பதைக் கண்டு மயங்கவேண்டாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளப்பிப் பாருங்கள். பாரத்துடன் மேடேற்றிப் பாருங்கள். முந்தைய சோதனை அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள். பம்பின் முத்திரை உடைந்திருக்கிறதா என்று பட்டறைக்காரரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். சற்றுப் புதிய லாரிகளில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டியும், யூரியாக் கரைசல் ஊற்றும் தனித்தொட்டியும் இருக்கும். செலவுக்கு அஞ்சி அவற்றைக் கழற்றிவிட்டு விற்பவர்களும் உண்டு. கழற்றியவர் தப்பிவிடுவார், வாங்கியவரே மாட்டிக்கொள்வார்.

நான்காவது, ஓட்டுநரைப் பலியாக்காதீர்கள். வடிகட்டி வாங்கித் தராத முதலாளி, புகைக்காகச் சம்பளத்தில் பிடிப்பது அநியாயம். ஓட்டுநராக இருப்போரும் வண்டியில் கோளாறு கண்டால் அன்றே சொல்லிவிடுங்கள். தேதியிட்டு எழுதிக் கொடுப்பது இன்னும் நல்லது.

இங்கே ஒரு நியாயமான மனக்குறை எழக்கூடும். “ஐம்பது லாரி வைத்திருப்பவர் புதிய வண்டி வாங்கிவிடுவார், ஒரே லாரியை வைத்துப் பிழைப்பவன் என்ன செய்வான்? சட்டத்தின் பாரம் ஏழையின் தோளில்தானே விழுகிறது?” என்று கேட்பார்கள். இக்கேள்வியில் உண்மை இருக்கிறது. அபராதத் தொகை இருவருக்கும் ஒன்றாக இருக்கலாம், வலி ஒன்றன்று. ஆனால் அதற்கு மருந்து ஒளிவதில் இல்லை, சேர்வதில் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளர்கள் என்ன செய்தார்கள்? துன் சம்பந்தன் அவர்களின் தலைமையில் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தனியொருவரால் ஒரு வரிசை மரத்தையும் வாங்க முடியாது. சிறுசிறு தொகையாகச் சேர்த்தவர்கள் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தப் பாடம் லாரிக்கும் பொருந்தும். ஒரு லாரி, ஒரு வேன் வைத்திருப்போர் ஐந்தாறு பேர் சேர்ந்தால், நல்ல பட்டறை ஒன்றுடன் ஆண்டு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். வடிகட்டிகளை மொத்தமாகக் குறைந்த விலைக்கு வாங்கலாம். ஒருவரின் வண்டி நிற்கும் நாளில் மற்றவர் சரக்கை ஏற்றிக் கொடுக்கலாம். 1997-இல் எனக்கு அப்படியொரு கூட்டு இருந்திருந்தால், அந்த வாடிக்கை என் கையைவிட்டுப் போயிருக்காது.

இறுதியாக ஒன்று. இதுவரை காசைப் பற்றியே பேசினேன். காசைவிடப் பெரியதொன்று உண்டு. ஜார்ஜ் டவுனில் கடைத்தெரு என்று நம்மவர் வழங்கும் மார்க்கெட் ஸ்திரீட்டை நீங்கள் அறிவீர்கள். குறுகிய வீதி, இருபுறமும் கடைகள், ஐந்தடி நடைபாதையில் பூக்கட்டுவோரும் வெற்றிலை விற்போரும் காலைமுதல் இரவுவரை அமர்ந்திருப்பார்கள். சரக்கு இறக்கும்போது எஞ்சினை அணைக்காமல் விட்டுவிடுவது முன்பு என் வழக்கம். ஒருநாள் பூக்கடை அம்மாள் ஒருவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, மறுகையால் மல்லிகைச் சரத்தின்மீது ஈரத்துணியைப் போர்த்தினார். என்னை அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நிறுத்தியவுடன் எஞ்சினை அணைத்துவிடுகிறேன். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012-இல் திட்டவட்டமாக அறிவித்தது. அப்புகையை முதலில் சுவாசிப்பவர் வீதியில் இருப்பவர். நாள் முழுதும் சுவாசிப்பவர் வண்டியை ஓட்டும் நம் பிள்ளை.

முன்பொரு காலத்தில், 1925 முதல் 1961 வரை, அதே ஜார்ஜ் டவுன் வீதிகளில் மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டு மின்சார டிராலி பஸ்கள் புகையின்றி ஓடின என்று முதியோர் சொல்வர். இப்போது உலகம் மறுபடியும் மின்சார வண்டியின் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது. நாளைய விதி எதுவாக இருப்பினும், அதனை முன்கூட்டியே கேட்டறிந்து, கணக்கு வைத்து, கூடி நிற்பவருக்கு அச்சமில்லை.

நாம் வெட்டும் பால்தான் டயராகி அச்சாலைகளில் உருளுகிறது. அந்த டயரின் மேல் ஓடும் வண்டியும் நம்முடையதாக இருக்கும் காலம் வந்திருக்கிறது. மரத்தைக் காயப்படுத்தாமல் பால் எடுக்கத் தெரிந்த கைகளுக்கு, ஊரைக் காயப்படுத்தாமல் வண்டி ஓட்டவும் தெரியும் என்பது என் நம்பிக்கை.